பீரோவில் இருக்கும் டிவிடியை வெளியே எடுங்கள்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2005-ல் நாக்பூரில் என் தகப்பனாருக்கு சதாபிஷேகம் நடந்தது. வீடியோக்காரர் மூன்று டிவிடி கொடுத்தார். எனக்கு ஒன்று, புனேயில் தம்பிக்கு ஒன்று, கொல்கத்தாவில் தங்கைக்கு ஒன்று. 2011-ல் அப்பா காலமானார். சென்ற ஆண்டு ஸ்ராத்தத்துக்குக் கூடியிருந்தபோது, "கொள்ளுத் தாத்தா குரலைக் கேட்கணும்" என்றான் பேரன். டிவிடியைப் போட்டோம். கலசாபிஷேகம் வரை நன்றாக ஓடியது. அப்பா எங்களைப் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கும் கடைசிப் பகுதியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

அடியேன் ரசாயனம் படித்தவன். காரணம் புரிந்தது. கடையில் விற்கும் சினிமா டிவிடியில் பதிவு அச்சாக அழுத்தப்பட்டிருக்கும். வீடியோக்காரர் எழுதித் தரும் தட்டில் இருப்பது சாயப்பூச்சு. வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும். பதிவு உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளியே போகும். ஆகவே தட்டு நிறைந்திருந்தால் விசேஷத்தின் முடிவு, நம் விரல் படும் ஓரத்தில் இருக்கும்.

தம்பியின் தட்டும் அதே இடத்தில் நின்றது. தங்கை உறையோடு பீரோவில் வைத்திருந்த தட்டு மட்டும் முழுவதும் ஓடியது. அன்றே பிரதி எடுத்தோம்.

செய்முறை சுலபம். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவ் இல்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் தனியாக வாங்கலாம். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள். கணினியில் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். அதை அப்படியே முழுதாகக் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். சாதாரணத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபிதான். அளவைச் சுருக்கினால் படத்தின் தரம் குறையும். மூலத்தை மாற்றாமல் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, கடைசி நிமிடம் வரை பாருங்கள். காப்பி முடிந்தது என்று கணினி சொன்னால் மட்டும் போதாது.

நடுவில் நின்றால் மறுபடி துடைத்து, வேறு டிரைவில் முயலுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் உறவினர் வீட்டுப் பிரதியைக் கேளுங்கள். பூட்டுப் போட்டு வரும் சினிமா டிவிடிகளுக்கு இந்த வழி பொருந்தாது. நான் பேசுவது நம் வீட்டு விசேஷங்களைப் பற்றி மட்டுமே.

பிரதி ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். நம் பிள்ளைகள் பல ஊர்களில் இருப்பது இதற்காவது உதவட்டும்.

அப்பா ஆசீர்வதித்தவர்களில் இருவர் இன்று இல்லை. அவர்கள் பெயரை அவர் குரலில் மறுபடி கேட்டோம். தங்கையின் தட்டும் கெட்டிருந்தால் கேட்டிருக்க முடியாது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள்.