சின்ன மீன் எல்லாம் சாது இல்ல

"அண்ணே, ரெண்டடி தொட்டி வாங்கிட்டேன். சண்டை போடாத சின்ன மீனா சொல்லுங்க"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார்.

நான் ஏமாந்த கதையை முதல்ல சொல்லிடறேன். மதுரையில ஒரு கடையில கப்பியும் ரெண்டு டைகர் பார்பும் சேர்த்து வாங்கினேன். எதுவுமே சுண்டுவிரல் நீளம்கூட இல்ல. மூணாம் நாள் பார்த்தா ஆண் கப்பிகளுக்கு வாலைக் காணோம்! ஆடுற நீள வாலைக் கண்டா கொத்துறது டைகர் பார்போட சுபாவம். ஆறு, எட்டுன்னு கூட்டமா வளர்த்தா பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கிட்டு இருக்கும். ஆனாலும் கப்பியோட வேண்டாம்.

அடுத்தது தண்ணி. நம்ம பக்கம் நிறைய வீட்டு போர்ல வர்றது உப்புத் தண்ணி. குழாயில வெள்ளையா படிஞ்சிருக்குமே, அதான். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். கடினத்தன்மை குறைஞ்ச தண்ணிக்குப் பழகினது, இதுல சோர்ந்துடும். கப்பி, மோலி, பிளாட்டிக்கு இதே தண்ணி நல்லா ஒத்துக்கும். என் ஓட்டு கப்பிக்குத்தான்.

ஒரே தொல்லை, மாசாமாசம் குட்டி. அதனால ஆண் மீனா மட்டும் வாங்குங்க. மிஞ்சினதைக் கண்மாயில மட்டும் விட்டுடாதீங்க, கடையிலேயே கேட்டுப் பாருங்க, வாங்கிக்குவாங்க.