வில்லையின் பிழையும் நம் மனையின் எல்லையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நில அளவை என்றவுடன் சங்கிலியும் எல்லைக்கல்லும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று புகைப்படமும் நிலத்தை அளக்கின்றது. ஓர் இடத்தைப் பல நிலைகளிலிருந்து படமெடுத்து, அப்படங்களைக் கொண்டு நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைக் கணிக்கும் கலைக்கு ஒளிப்பட அளவையியல் என்று பெயர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இந்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், சிற்றூர்களின் குடியிருப்பு நிலங்களை அளக்க ட்ரோன் படங்களே பயன்படுத்தப்பட்டன. ஆகவே, படம் பிழைபட்டால் எவருடைய மனையின் எல்லை தவறும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படம் எங்ஙனம் பிழைபடும்? கேமராவின் வில்லை நேர்க்கோட்டைச் சற்றே வளைத்துக் காட்டும். கோடு வெளிப்புறம் பிதுங்கினால் அது பீப்பாய்த் திரிபு. உட்புறம் குழிந்தால் திண்டுத் திரிபு. படத்தின் நடுவில் பிழை மிகச் சிறிது, ஓரத்தில் மிகுதி. பிழையின் முதன்மைப் பகுதி, நடுப்புள்ளியிலிருந்து உள்ள தொலைவின் முப்படிக்கு ஏற்ப வளரும். தொலைவு 2 மடங்கானால் பிழை 8 மடங்காகும். எடுத்துக்காட்டாக, 0.005 மி.மீ. பிழை 0.04 மி.மீ. ஆகிவிடும். 1:10,000 அளவில் எடுத்த வான்படத்தில் இது தரையில் 40 செ.மீ.! ஒன்பது அங்குலச் சுவரின் கனத்தினும் இது பெரிது.

இப்பிழையைக் கண்டறிய அமெரிக்க அறிஞர் டுவேன் பிரவுன் 1971ஆம் ஆண்டு ஒரு வழியை வெளியிட்டார். நம் கொத்தனார்கள் கையாளும் தூக்குக்குண்டே அதன் அடிப்படை. குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல்கள் புவியீர்ப்பினால் நேராக நிற்கும். அவற்றைப் படமெடுத்து, படத்தில் நூல் வளைந்திருக்கக் கண்டால், அவ்வளைவு வில்லையினால் வந்ததே. அவ்வளைவை அளந்து சில எண்களாக்கிக் கொண்டால், பின்னர் எடுக்கும் படங்களிலிருந்து கணக்கின் வழியே பிழையை நீக்கிவிடலாம். இந்நாளில் கட்டம் போட்ட பலகையைப் பல கோணங்களில் படமெடுத்தும் இதனைச் செய்கின்றனர். ஆனால் வில்லையின் குவியத்தை மாற்றினால் எண்களும் மாறும். மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இளைஞர்களே! வரைபடத்தைக் காட்டி, 'இதுவே உங்கள் எல்லை' என்று எவரேனும் கூறினால், 'இக்கேமரா எப்போது சரிபார்க்கப்பட்டது? தரையில் எத்தனை இடங்களில் அளந்து ஒத்துப் பார்த்தீர்கள்?' என்று பணிவோடும் உறுதியோடும் கேட்கும் அறிவு நமக்கு வேண்டும். அவ்வாறு சரிபார்க்கும் பணியில் அமரும் தகுதியும் வேண்டும். அதற்குரிய கணக்கு உயர்நிலைப் பள்ளிப் பாடத்திலேயே தொடங்குகிறது. அதனை அஞ்சாமல் கற்போமாக.