யார் மனம் நோகாமலிருக்க இந்த விருது?



தகுதியில்லாமல் ஆஸ்கர் வாங்கிய படம் எது என்று நம் திரைப்படச் சங்கத்தில் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய இருவருமே ‘சிட்டிசன் கேன்’ படத்தில்தான் தொடங்கினார்கள். 1942 விழாவில் ஆர்சன் வெல்ஸ் தோற்றார், ஜான் ஃபோர்டின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ வென்றது, இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா என்று கேட்டார்கள். நான் இதை ஏற்கவில்லை. ஃபோர்டின் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி குடும்பம் ஒன்று கூலிக் குறைப்பிலும் வேலைநிறுத்தத்திலும் சிதறிப்போவதை நெஞ்சு கனக்கக் காட்டிய படம் அது. ஒரு மகத்தான படத்தை இன்னொரு நல்ல படம் வென்றது. போட்டி என்று வந்தால் அது நடக்கும். அதற்காக ஃபோர்டைக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்தையும் விட்டுவிடுகிறேன். 1999-ல் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தை அது வீழ்த்தியதற்குப் பின்னால் மிராமாக்ஸ் கம்பெனியின் பிரசாரம் இருந்தது என்பது ஊரறிந்த கதை. ஆனாலும் அது யாரையும் ஏமாற்றாத காதல் கதை.

என் குற்றச்சாட்டு வேறு. ஒரு சமூகத்தின் ஆறாத புண்ணைக் கையில் எடுப்பதுபோல் எடுத்து, அதன் மேல் பவுடர் பூசி, “பார்த்தீர்களா, இப்போது வலிக்கவில்லை” என்று சொல்லும் படங்கள் இருக்கின்றன. ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுகிறவரின் மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும் படங்கள். அவற்றுக்குத்தான் மறுபடி மறுபடி மாலை விழுகிறது. அதே புண்ணை உள்ளபடி காட்டிய படம் அதே ஆண்டில் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

1989-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் சிறந்த படம் ‘டிரைவிங் மிஸ் டெய்சி’. அட்லாண்டா நகரத்துப் பணக்கார யூத மூதாட்டி, அவருக்குக் கார் ஓட்டும் கறுப்பினத்தவர் ஹோக். முதலில் அம்மையார் அவரைக் கிட்டே சேர்ப்பதில்லை. ஆண்டுகள் ஓடுகின்றன, மனம் இளகுகிறது. கடைசியில் முதியோர் இல்லத்தில் ஹோக் அவருக்கு ஒவ்வொரு வாயாக ஊட்டிவிடுகிறார். மார்கன் ஃப்ரீமன், ஜெசிகா டாண்டி இருவரின் நடிப்பிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைசிக் காட்சி கேட்பது என்ன? கால் நூற்றாண்டு அந்த மனிதர் பொறுத்துக்கொண்டார், பணிவிடை செய்தார், பரிசாக அம்மையாரின் அன்பு கிடைத்தது, நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகலாம் என்கிறது. ஹோக்குக்குக் கோபம் வந்திருக்குமா, வந்திருந்தால் எங்கே போய்க் கொட்டினார் என்று படம் கேட்கவே இல்லை.

அதே 1989-ல் ஸ்பைக் லீ ‘டூ தி ரைட் திங்’ எடுத்தார். நியூயார்க், புரூக்ளினில் ஒரு தெரு, கோடையின் உச்சத்தில் ஒரே ஒரு நாள். சால் என்ற இத்தாலிய அமெரிக்கரின் பீட்ஸா கடை. சுவர் முழுக்க இத்தாலிய வம்சாவளிப் பிரபலங்களின் படங்கள். வந்து சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். “எங்கள் ஆட்கள் படம் ஒன்றுகூட இல்லையே, ஏன்?” என்று ஓர் இளைஞன் கேட்கிறான். அவ்வளவுதான் தொடக்கம். இரவு அது கைகலப்பாக வெடிக்கிறது. போலீஸ் வருகிறது. ரேடியோ ரஹீம் என்ற இளைஞனின் கழுத்தை லத்தியால் பின்னாலிருந்து இறுக்குகிறார் ஒரு போலீஸ்காரர். தரையைவிட்டு எழும்பிய அவன் கால்கள் துடித்து அடங்குவதைக் கேமரா காட்டுகிறது. கடையில் வேலை பார்த்த மூக்கி குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கண்ணாடி ஜன்னலில் எறிகிறான். அவன் செய்தது சரியா தவறா என்று இயக்குநர் நமக்குச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

இந்தப் படம் ஓடினால் கறுப்பின இளைஞர்கள் கலவரம் செய்வார்கள் என்று அன்று பத்திரிகைகளில் எழுதினார்கள். கலவரம் எதுவும் நடக்கவில்லை. 2014-ல் நியூயார்க்கில் எரிக் கார்னர் போலீஸ் பிடியில் கழுத்து நெரிபட்டு இறந்தபோது, ஸ்பைக் லீ அந்த வீடியோவையும் ரேடியோ ரஹீம் சாகும் காட்சியையும் ஒன்றாகக் கோத்து வெளியிட்டார். 25 ஆண்டு இடைவெளி. எது எந்த ஆண்டு என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவு ஒற்றுமை. அப்படிப்பட்ட படத்துக்கு ஆஸ்கர் வழங்கும் அகாதெமி கொடுத்தது இரண்டு பரிந்துரைகள், திரைக்கதைக்கு ஒன்று, துணை நடிகருக்கு ஒன்று. சிறந்த படத்துக்கான ஐந்தில் அது இல்லை. 1990 மார்ச்சில் விழா மேடையிலேயே நடிகை கிம் பேசிங்கர், இந்த ஐந்தில் இருக்கத் தகுதியுள்ள ஒரு படம் விடுபட்டிருக்கிறது, எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மையைச் சொல்வது அதுவாக இருக்கலாம் என்று ‘டூ தி ரைட் திங்’ பற்றிப் பேசினார். அந்தப் பெண்ணின் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

“அது பழைய காலம், அகாதெமி இப்போது மாறிவிட்டது, கறுப்பினத்தவர் கதையான ‘மூன்லைட்’ வென்றதே” என்று நண்பர் ஒருவர் சொன்னார். வென்றது, மகிழ்ச்சி. அடுத்த இரண்டே ஆண்டில் என்ன நடந்தது? 2019 பிப்ரவரியில் ‘கிரீன் புக்’. மறுபடியும் ஒரு கார். இந்த முறை ஓட்டுகிறவர் வெள்ளைக்காரர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் கறுப்பினப் பியானோ கலைஞர் டாக்டர் டான் ஷெர்லி. அவ்வளவுதான் வித்தியாசம். அன்று அரங்கில் ஸ்பைக் லீ இருந்தார், அவருடைய ‘பிளாக்கிளான்ஸ்மன்’ போட்டியில் இருந்தது. முடிவு அறிவித்ததும் இருக்கையைவிட்டு எழுந்து வெளியே போகப் பார்த்தார். யாராவது யாருக்காவது கார் ஓட்டினால் நான் தோற்றுவிடுகிறேன் என்று பிறகு நிருபர்களிடம் சொன்னார்.

‘கிரீன் புக்’ படத்தில் ஒரு காட்சி. ஓட்டுநர் டோனி காரில் போய்க்கொண்டே வறுத்த கோழியைப் பின்சீட்டுக்கு நீட்டுகிறார். ஷெர்லி இதுவரை அதைச் சாப்பிட்டதே இல்லையாம். உங்கள் ஜனங்களின் சாப்பாட்டை நீங்களே தொட்டதில்லையா என்று டோனி வற்புறுத்த, தயங்கித் தயங்கிக் கடிக்கிறார், முகம் மலர்கிறது, எலும்பை ஜன்னல் வழியே எறிகிறார். தியேட்டர் சிரிக்கிறது. தோழர்களே, அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது. கார்னகி ஹாலின் மேல் மாடியில் குடியிருந்த ஒரு மேதைக்கு, கறுப்பினத்தவராக வாழ்வது எப்படி என்று வெள்ளைக்கார ஓட்டுநர் பாடம் எடுக்கிறார்! திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் அந்த ஓட்டுநரின் சொந்த மகன். ஷெர்லியின் குடும்பத்தாரோ தங்களை யாரும் கலந்துபேசவில்லை, சகோதரர்களோடு அவருக்குத் தொடர்பே இல்லை என்று படம் காட்டுவது பொய் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். ஷெர்லியாக நடித்த மஹர்ஷலா அலியே அவர்களைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். அலிக்குக் கிடைத்த விருது எது தெரியுமா? துணை நடிகர். கதையின் மேதை துணை, ஓட்டுநர் நாயகன்.

படத்தின் தலைப்பில் இருக்கும் அந்தப் புத்தகம்? ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹூகோ கிரீன் 1936-ல் தொடங்கியது. எந்த ஊரில் எந்த விடுதியில் கறுப்பினப் பயணிக்கு அறை தருவார்கள், எங்கே சாப்பாடு கிடைக்கும், எங்கே பெட்ரோல் போடலாம் என்று ஊர் ஊராகத் தொகுத்த உயிர்காக்கும் கையேடு. எத்தனை குடும்பங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் பயணம் செய்திருக்கும்! படத்தில் அது வந்துபோகும் நேரம் கொஞ்சம்தான்.

‘டிரைவிங் மிஸ் டெய்சி’க்கும் ‘கிரீன் புக்’குக்கும் இடையில், 2006-ல் ‘க்ராஷ்’. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்காரர் ஒருவர், கணவன் கண்ணெதிரே ஒரு கறுப்பினப் பெண்ணைச் சோதனை என்ற பெயரில் அசிங்கப்படுத்துகிறார். மறுநாள் அதே பெண் விபத்தில் சிக்க, தீப்பிடிக்கும் காரிலிருந்து அதே போலீஸ்காரர் காப்பாற்றுகிறார். கணக்கு நேராகிவிட்டதாம்! இந்தப் படம் ‘புரோக்பேக் மவுன்டன்’ படத்தை வென்றது. அகாதெமி உறுப்பினர்களான டோனி கர்ட்டிஸும் எர்னஸ்ட் போர்க்னைனும், இரண்டு ஆண்கள் காதலிக்கும் அந்தப் படத்தைப் பார்க்கப்போவதே இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள். ‘க்ராஷ்’ இயக்குநர் பால் ஹாகிஸே, தன் படம் அந்த ஆண்டின் சிறந்த படம் என்று தனக்குத் தோன்றவில்லை என்று 2015-ல் சொல்லிவிட்டார்.

“ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதில் நியாயம் அநியாயம் ஏது?” என்பது எதிரணியின் வாதம். படத்தைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது ரசனை. பார்க்காமலே ஓட்டுப் போடுவது எந்த ரசனை? இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிக்க அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற பொது விதி வந்ததே 2025-ல்தான். அதுவரை 97 விழாக்கள் முடிந்துவிட்டன. 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த படத்துக்கு முன்னுரிமை வாக்கு முறை வேறு. படங்களை வரிசைப்படுத்தி எழுதவேண்டும். குறைந்த வாக்குப் பெற்ற படம் விலக, அதற்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். பலருக்கு முதலிடமும் பலருக்குக் கடைசி இடமுமாக இருக்கும் துணிச்சலான படம் இதில் தடுமாறும். யாருக்கும் உறுத்தாத படத்துக்கு இரண்டாம், மூன்றாம் இடங்கள் சேரும். வாக்கு எண்ணிக்கையை அகாதெமி வெளியிடுவதுமில்லை.

ஆகவே இன்றைய தீர்ப்பில் என் ஓட்டு ‘கிரீன் புக்’ படத்துக்கு எதிராக. சங்கத்தின் செயலாளரிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. வரும் மாதங்களில் ஆஸ்கர் வென்ற படங்களை வரிசையாகத் திரையிடப் போகிறோம், பட்டியலில் 1989-க்கு ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு ‘டூ தி ரைட் திங்’ போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு உடனே கதவைத் திறந்துவிடாதீர்கள். மூக்கி எறிந்தது சரியா என்று ஒரு மணி நேரமாவது இங்கேயே உட்கார்ந்து சண்டை போடுவோம்.