வரப்பில் நிற்பவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மென்பொருள் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்கு எதைப் பேசினாலும் மரக்காணம் உப்பளத்தில்தான் ஆரம்பிக்க வரும்.

பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற ஊர் எங்களுடையது. அங்கே பாத்திக்கு உப்புத்தண்ணீர் ஏறவேண்டும். கரண்ட் இருந்தால் மோட்டார். போய்விட்டால் டீசல் இன்ஜின். எது இறைத்தது என்று பாத்தி கேட்பதில்லை. அந்த நேரத்து நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வரப்பில் ஒருவர் நிற்பார்.

‘டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்’ என்பதும் இதுதான். 2004-இல் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரையால் பரவிய பெயர். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய சேவையைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது. வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்கப்படும்.

மழை வருமுன் உப்புக் குவியலை மூடச் சொல்லித் தகவல் அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினேன். எஸ்.எம்.எஸ். ஒரு வழி, குரல் அழைப்பு ஒரு வழி. இரண்டுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ். எந்த வழி என்பது செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரி. புரோகிராம் கிளம்பும்போதே தீர்மானம் ஆகிவிடும். செலவு குறைவு என்று எஸ்.எம்.எஸ். போட்டேன்.

ஒரு மே மாத ராத்திரி. ‘தகவல் போய்ச் சேர்ந்தது’ என்று திரையில் பார்த்துவிட்டுத் தூங்கினேன். விடிந்ததும் போன் போட்டால் அத்தை சொல்றாங்க: “டிங்குன்னு சத்தம் கேட்டுச்சுப்பா. எனக்கு எங்க படிக்கத் தெரியும்?” கூலிக்கு வாரி வைத்த உப்பு கரைந்து போயிருந்தது.

தவறு என்னுடையது. யாருக்கு அனுப்புகிறோம் என்பது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும். நானோ கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் அனுப்பும் இடமெல்லாம் ‘இஃப்–எல்ஸ்’ போட்டேன். மூன்றாவது வழி ஒன்று வந்தால் எல்லா இடத்தையும் தோண்டவேண்டும் என்று புரிந்தது, அழித்தேன். பிறகு எல்லா வழிகளையும் பெயர் வைத்துப் பதிவு செய்தேன். ஸ்பிரிங்கில் ‘மேப்’ ஆகக் கேட்டால் பெயரோடு அத்தனையையும் கொடுத்துவிடும். டாட்நெட்டில் இதற்கென்றே ‘கீட் சர்வீஸ்’ உண்டு. 2023-இல் வந்த 8-ஆம் பதிப்பில் சேர்த்தார்கள். தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சிறு கிளாஸ். பெறுபவரின் பதிவில் ‘குரல்’ என்றிருந்தால் குரலை எடுத்துத் தரும். அங்கே புரியாத சொல் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, சும்மா இருந்துவிடாது, குரலில் கூப்பிடும். வரப்பில் நிற்பவர் அவர்தான். அனுப்பும் பகுதியில் ஒரு வரிகூட மாறவில்லை.

தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். எந்த முடிவைக் கிளம்பும்போது எடுக்கலாம், எதை ஆளைப் பார்த்தபிறகு எடுக்கவேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது மழைச் செய்தி வந்தால் அத்தை போனை எடுத்து, “சரிப்பா, மூடிடறேன்” என்று பதில் சொல்கிறார். அது பதிவு செய்த குரல் என்று நான் இன்னும் சொல்லவில்லை.