வீடா, மருத்துவமனையா?

காரைக்காலை அடுத்த கிளிஞ்சல்மேடு, கடலை நம்பி வாழும் மீனவர் ஊர். அங்கே முதுமையில் நோயுற்றிருந்த ஓர் அன்னையாரிடம், "சிகிச்சைக்கு மருத்துவமனை செல்கிறீர்களா, வீடே போதுமா?" என்று வினவினேன். "கடலோசை கேட்கும் இந்தத் திண்ணையே போதும்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் அங்கே படுத்தால் மகன் துணையிருக்க வேண்டும், அவன் தொழிலுக்குப் போவது எப்படி?" என்றார். முதல் விடை விருப்பம், அடுத்தது அச்சம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும்.

விருப்பத்தை நிறைவேற்ற வழியுண்டு. கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டு தோன்றிய வலிதணிப்பு மருத்துவப் பணி வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாயிற்று. படுக்கையிலிருப்போரின் இல்லம் நாடிச் செவிலியர் செல்லலாயினர். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை வாசலுக்கே கொண்டுவந்தது.

ஆயினும் பக்கவாதம் தாக்கினால் திண்ணை உதவாது. மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். அதற்கு மருத்துவமனையே கதி.

ஆகவே அன்பர்களே, பெற்றோர் நலமாயிருக்கும்போதே அவர்தம் விருப்பத்தைக் கேளுங்கள். "வீடே போதும்" என்பாராயின், ஏன் என்றும் கேளுங்கள். நம் ஒருநாள் வருவாயை எண்ணி அவர்கள் தம் வாழ்நாளைக் குறைத்துக்கொள்ளலாகாது.