காய்ச்சல் விட்டதும் ஓடலாமா?



இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் காய்ச்சலை மறைத்து, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மரதன் ஓடியவர்கள் நாங்கள். ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம் என்பது வைத்தியம் படித்த பிறகுதான் விளங்கியது.

கொவிட், இன்புளுவென்சா, டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி உண்டாகும். அரிதுதான். ஆனால் அந்த இதயத்தோடு ஓடினால் துடிப்புத் தாறுமாறாகித் திடலிலேயே உயிர் போகலாம். அதனால்தான் மூன்று முதல் ஆறு மாதம் போட்டிகள் வேண்டாம் என்பது வழக்கம்.

உதைபந்தாட்ட வீரர் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொவிட்டுக்குப் பின் இது கண்டுபிடிக்கப்பட்டது. லேசானதுதான், என்றாலும் ஏப்ரலில்தான் மீண்டும் ஆடினார். 36 ஆண்டுகளுக்குப் பின் கனடா உலகக் கிண்ணத்துக்குத் தெரிவானதை வீட்டிலிருந்தே பார்த்து அழுதார். அந்த நவம்பரில் கத்தாரில் கனடாவின் முதல் கோலை அடித்தவரும் அவரே.

மலைக்குப் போகாத நாளில் நம் தாய்மாருக்குப் பேர் இல்லை. ஓய்வெடுங்கள் என்று சொல்ல எங்களுக்கே நா கூசுகிறது. ஆனாலும் காய்ச்சலுக்குப் பின் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, படபடப்பு, மயக்கம் வந்தால் கூடையை இறக்கிவிட்டு ஈசிஜி எடுக்க வாருங்கள்.

விளையாட்டு ஆசிரியர்களே, பெயர் பதியும்போது "அண்மையில் காய்ச்சலா?" என்று கேளுங்கள். இல்லையென்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். இன்னொரு தடவை கேளுங்கள்.