ஸ்கேனர் கண்ணாடியின் அடிப்பக்கம்



தாத்தாவின் கல்யாணப் போட்டோவை ஸ்கேன் செய்கிறீர்கள். அவருடைய கறுப்புக் கோட்டு சாம்பல் பூத்து வருகிறது. போட்டோ மங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்கேனர் மூடியைத் திறந்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாத ஒரு படலம் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் தெரியலாம்.

உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கும் கிரீஸும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியை விடுகின்றன. அதுதான் இப்படிப் படிகிறது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால் கறுப்பு வெளுத்துப்போகிறது.

வாரண்டி முடிந்த மெஷின் என்றால் நாமே சுத்தம் செய்யலாம். முதலில் கரண்ட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு திருகுகளைக் கழற்றிக் கண்ணாடிச் சட்டத்தை எடுங்கள். கண்ணாடியை ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள், உடைந்துவிடும். அப்படியானால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. கழற்றிய கண்ணாடியின் அடிப்பக்கத்தை, மைக்ரோஃபைபர் துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் போதும். எதையும் நேராகத் தெளிக்கக் கூடாது. உள்ளே தெரியும் சின்னப் பிரதிபலிப்புக் கண்ணாடிகளில் விரல் படவே கூடாது. அவற்றின் பூச்சு மேல்பரப்பிலேயே இருப்பதால் சுலபமாகக் கீறிவிடும்.

இன்னொன்று. பல ஸ்கேனர்களில் கண்ணாடியின் ஓரத்தில், அடிப்பக்கமாக, ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். வெண்மை எது என்பதை ஸ்கேனர் அதைப் பார்த்துத்தான் அளவெடுக்கிறது. அங்கே ஒரு தூசி இருந்தாலே படம் நெடுகக் கோடு விழும். அதையும் பதமாகத் துடைத்துவிடுங்கள்.

வீட்டுப் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்ய உட்காரும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள், நேயர்களே.